ஐந்தாவது டோக்கன்

நம் தங்கச் சுரங்கத்து லைன் வீடுகளில் வளர்ந்து, இப்போது தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு காலை ரயிலில் பெங்களூருக்கு ஓடிக்கொண்டிருக்கும் உங்களில் பலருக்கு சுரங்கத்து ஆஸ்பத்திரியின் அந்தப் பழைய ஆம்புலன்ஸ் ஞாபகம் இருக்கும். அதன் மணிச் சத்தம் கேட்டால் போதும், நந்திதுர்க் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் செய்த வேலையை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வருவார்கள். வண்டி எந்த லைனில் திரும்புகிறது என்று பார்த்து, தன் வீட்டுப் பக்கம் இல்லை என்று தெரிந்ததும்தான் அடுத்த மூச்சு விடுவார்கள். அந்த வண்டியில் ஏறி நாங்கள் உல்லாசப் பயணம் போனோம். சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை.

அதை ஓட்டியவர் என் பெரியப்பா. அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அந்த வண்டிதான் அவர் சம்சாரம் என்று அம்மா கேலி செய்வாள். புது வண்டி வந்து பழையதைக் கழித்துக் கட்டியபோது பெரியப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை. பிறகு யாரையோ பிடித்து, எப்படியோ பேசி, அதைத் தன் வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். சிவப்புச் சிலுவையின் மேல் பச்சைப் பெயின்ட் அடித்தார். ஒரு கை அடித்ததில் சிலுவை மறையவில்லை, இரண்டாவது கைக்குப் பெயின்ட் போதவில்லை. வெயில் சாய்வாக விழுந்தால் பச்சைக்குள்ளிருந்து சிவப்பு எட்டிப் பார்க்கும்.

உள்ளே ஸ்ட்ரெச்சர் வைக்கும் இரும்புத் தட்டுகள் மேலும் கீழுமாக இருந்தன. அவற்றின் மேல் இலவம்பஞ்சு மெத்தையைப் போட்டுப் படுக்கை ஆக்கினார். கீழ்ப் படுக்கைக்கு அம்மாவின் பழைய நூல் புடவையைக் கிழித்துத் திரை கட்டினார். ஒரு மூலையில் பம்ப் ஸ்டவ், இன்னொரு மூலையில் தண்ணீர் டிரம். எவ்வளவு கழுவியும் பினாயில் வாசனை மட்டும் போகவில்லை. அந்தப் பயணம் முழுக்க நாங்கள் தின்ற புளிசாதத்தில்கூட அந்த வாசனை இருந்தது. இன்றும் ஆஸ்பத்திரிக்குப் போனால் எனக்குப் புளிசாதம்தான் ஞாபகம் வருகிறது.

பயணத்துக்குக் காரணம் என் தம்பி. அப்போது அவனுக்கு ஆறு வயது, எனக்குப் பன்னிரண்டு. தொண்ணூறுகளின் ஆரம்பம். ராபர்ட்சன்பேட்டை பஜாரில் வாங்கிய மிருகங்கள் படம் போட்ட சார்ட் ஒன்று எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கியது. "இதெல்லாம் எங்க இருக்குது?" என்று தினமும் கேட்பான். நம் ஊரில் மிருகம் என்று சொல்லிக்கொள்ள என்ன இருந்தது? நாய், பன்றி, கழுதை, சுரங்கத்து எலி. பெரியப்பா ஒருநாள், "டேய், கோடியக்கரைன்னு ஒரு ஊரு இருக்குதாம். காடும் கடலும் ஒண்ணா இருக்குமாம். மானு, குதுர, நரி எல்லாம் சும்மா சுத்திக்கினு இருக்குமாம். போலாமா?" என்றார். தம்பியைப் பார்த்துக் கேட்டாலும் கேள்வி அப்பாவுக்குத்தான். கல்யாணம், கருமாதி என்று வேலூர் பக்கம் போனதைத் தவிர அம்மா எங்கும் போனதில்லை. அடுப்படியிலிருந்து, "மாமா கூப்புடறாரு இல்ல, போலாங்க" என்று அவள் சொன்ன குரலில் இருந்த ஆசை எனக்கே புதிதாக இருந்தது. அப்பா கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு லீவு எழுதிக் கொடுத்தார்.

அப்பாவின் வேலையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவர் டோக்கன் ரூமில் இருந்தார். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்குகிற ஒவ்வொருவரும் பலகையிலிருந்து தன் நம்பர் பித்தளை டோக்கனை எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். ஷிப்ட் முடிந்து மேலே வந்ததும் திரும்ப ஆணியில் மாட்ட வேண்டும். ஓர் ஆணி காலியாக இருந்தால் ஓர் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். பலகை நிறைந்துவிட்டது என்று அப்பா சொன்ன பிறகுதான் கீழே வைத்த வெடியை மேலேயிருந்து வெடிக்கவைப்பார்கள். நூற்றுக்கணக்கான டோக்கன் தொங்கும் பலகையை வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்து, எந்த ஆணி காலி என்று சொல்லிவிடுவார். அதில் அவருக்குக் கர்வம் உண்டு. வீட்டில் வேறு எதிலும் கர்வம் பார்த்ததில்லை.

எங்களுக்குச் சொல்ல அவரிடம் ஒரே ஒரு கதைதான் இருந்தது. எந்தச் சுரங்கக் குழி, எந்த வருஷம் என்று சொல்லமாட்டார். ஒருத்தன், கூட்டாளி பின்னாடியே வருகிறான் என்று நம்பி, அவனுடைய டோக்கனையும் வாங்கிவந்து மாட்டிவிட்டான். கூட்டாளி பின்னாடி வரவில்லை. பலகை நிறைந்திருந்தது. வெடி வைத்தார்கள். "நல்லதுக்குத்தான செஞ்சான் பாவம்" என்று அம்மா ஒருமுறை சொன்னதற்கு அப்பா, "அவன் கொலகாரன். இன்னொருத்தன் டோக்கன மாட்டறவன் எவனா இருந்தாலும் கொலகாரன்தான்" என்றார். சாந்தமாகத்தான் சொன்னார். அதனாலேயே எனக்குப் பயமாக இருந்தது.

அந்த வண்டியில் டிரைவர் சீட்டுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே தகரத் தடுப்பு. முகம் அளவுக்கு ஒரு கண்ணாடி ஜன்னல் மட்டும் அதில் உண்டு. முன்னால் உட்காருகிற அப்பாவுக்குப் பின்னால் யார் ஏறினார்கள், யார் ஏறவில்லை என்று தெரியாது. அவர் என்ன செய்தார் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். கழித்துப் போட்ட ஐந்து டோக்கன்களைக் கொண்டுவந்து, ஜன்னலுக்கு நேராக ஒரு பலகை அடித்து, ஐந்து ஆணியில் மாட்டிவிட்டார். வண்டியை விட்டு இறங்கும்போது டோக்கனை எடுக்க வேண்டும், ஏறும்போது மாட்ட வேண்டும். ஐந்தும் இருந்தால் அப்பா தகரத்தில் மூன்று தட்டு தட்டுவார். வண்டி கிளம்பும். வண்டிக்குள் இருந்தால் மேலே, வெளியே இருக்கும் உலகம் முழுக்க அண்டர்கிரவுண்ட்.

பெரியப்பாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு இரண்டு, எனக்கு மூன்று, தம்பிக்கு நான்கு. "எனக்குக் கடேசி நம்பரு குடுங்க" என்று அம்மா ஐந்தை வாங்கிக்கொண்டாள். சாப்பாட்டிலும் அவள் கடைசிதான். வாலாஜாவைத் தாண்டுவதற்குள்ளேயே அவளுக்கு அலுத்துப்போனது. "இன்னாங்க இது, செடி மறவுக்குப் போறதுக்குக்கூட டோக்கனா?" என்றாள். "ரூல்னா ரூல்தான்" என்றார் அப்பா. பெரியப்பா ஸ்டியரிங்கில் சாய்ந்து சிரித்தார்.

பாண்டிச்சேரியைத் தொட்ட பிறகு கடலோரமாகவே போனோம். போகிற இடமெல்லாம் ஒரே கூத்து. நெரிசலான பஜார்களில் ஜனங்கள் தாமாகவே விலகி வழிவிட்டார்கள். சிதம்பரத்துக்கு முன்னால் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தியதும் கடைக்காரர் டீயைப் போட்டுக்கொண்டே, "யாருக்கு உடம்பு முடியல?" என்று கேட்டார். பெரியப்பா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "எந்தம்பிக்குதான். எண்ணிக்கினே இருப்பான்" என்றார். அப்பா உட்பட எல்லாரும் சிரித்தோம். அப்பா அப்படிச் சிரித்த தடவைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

தம்பி முதல்முறை கடற்கரையைப் பார்த்ததும் இறங்கமாட்டேன் என்று அழுதான். ஏன் என்று நமக்குத்தான் புரியும். நம் ஊரில் மணல் மேடு என்றால் சயனைட் மேடு, தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய விஷ மண். அதில் விளையாடக்கூடாது, கையை வாயில் வைக்கக்கூடாது என்று அடித்து வளர்த்த பிள்ளை. அம்மா ஒரு பிடி மணலை அள்ளி அவன் முன்னாலேயே நாக்கில் வைத்துக் காட்டினாள். "பாரு, உப்பு. ஒண்ணும் ஆவல." அதற்கப்புறம் அவனைக் கடலிலிருந்து வெளியே இழுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அங்கேதான் ஒரு பெரிய டயர் கரையில் கிடக்கிறது என்று ஓடிப்போய்ப் பார்த்தோம். செத்த கடலாமை. ஓட்டில் காக்காய் உட்கார்ந்திருந்தது. தம்பியின் சார்ட்டில் இருந்த மிருகங்களில் நாங்கள் முதலில் பார்த்தது அதைத்தான். சீர்காழி தாண்டி விடிகாலையில் ஏதோ ஒன்று ரோட்டைக் கடந்தது. நரி முகத்தில் விழித்தாயிற்று, இனி எல்லாம் ஜெயம் என்றார் பெரியப்பா. அப்பா அது நாய் என்றார். நாகப்பட்டினம் வரை இருவரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள்.

கோடியக்கரையில் இரண்டு நாள் சுற்றினோம். பூநாரைகள் தூரத்தில் துணி காயப்போட்ட மாதிரி வரிசையாகத் தெரிந்தன. கிட்டே போவதற்குள் மொத்தமாக எழுந்து போய்விட்டன. காட்டுக்குதிரை என்று காட்டியதைப் பார்த்துத் தம்பி, "இது டோங்கா வண்டிக் குதுர" என்று உதட்டைப் பிதுக்கினான். வெளிமானின் குளம்புத் தடம் இருந்தது, புழுக்கை இருந்தது, மான் இல்லை. மூன்றாம் நாள் காலை ஒரு வனக்காவலர் சைக்கிளை நிறுத்திவிட்டு எங்கள் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார். "இந்தச் சத்தத்த வச்சிக்கிட்டு ஒங்களுக்கு எப்புடிங்க மான் வரும்? கும்பகோணத்துக்கே கேக்கும்போல இருக்கே" என்றார். பெரியப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. தன்னைச் சொன்னால் தாங்குவார், வண்டியைச் சொன்னால் தாங்கமாட்டார். "போதும், சாப்ட்டுட்டு கெளம்பலாம்" என்றார்.

காட்டு ஓரத்தில், ஒரு பக்கம் கருவேல் புதரும் மறுபக்கம் காய்ந்த சேற்றுவெளியுமாக இருந்த இடத்தில் வண்டியை நிறுத்திக் கடைசிச் சோற்றைத் தின்றோம். தம்பி தின்றதும் தூங்கிவிட்டான். அவனைக் கீழ்ப் படுக்கையில் திரைக்குப் பின்னால் போட்டோம். அம்மாவும் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் பக்கத்தில் கொஞ்சம் படுப்பது வழக்கம். பெரியப்பாவும் அப்பாவும் தங்கள் டோக்கனை மாட்டிவிட்டு முன்னால் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அம்மா கழுவிய தட்டுகளைப் பின்கதவு வழியாக என்னிடம் நீட்டினாள். இடுப்பிலிருந்து டோக்கனையும் எடுத்துத் தட்டின் மேல் வைத்தாள். "தட்ட உள்ள வெய்யி. நான் கால் கழுவிக்கினு வரேன். வந்ததும் மாட்டிக்கலாம், வெச்சிரு" என்றாள்.

வெச்சிரு என்றுதான் சொன்னாள். மாட்டு என்று சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த வாக்கியத்தை நான் எத்தனை விதமாகவோ திருப்பிப் போட்டுப் பார்த்திருக்கிறேன். எப்படிப் போட்டாலும் அவள் மாட்டச் சொல்லவில்லை.

நான் மாட்டினேன். கை ஈரமாக இருந்தது, டோக்கனை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, ஆணி எதிரே இருந்தது. அவ்வளவுதான் காரணம். பிறகு கடைசியாக ஒரு மான் கண்ணில் படாதா என்று மேல் படுக்கையில் ஏறி, பக்கத்து ஜன்னல் இடுக்கில் முகத்தை வைத்துக்கொண்டேன். பின்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சாத்தியது அம்மா என்று நினைத்தேன். உண்மையில் பெரியப்பா, அம்மா திரைக்குப் பின்னால் படுத்திருக்கிறாள் என்று நினைத்து, வெளியிலிருந்து சாத்திக் கொக்கி போட்டிருக்கிறார். அப்பா ஜன்னல் வழியே பலகையைப் பார்த்தார். மூன்று தட்டு. வண்டி கிளம்பியது.

எவ்வளவு தூரம் போனோம் என்று சரியாகத் தெரியாது. உப்பளங்கள் வந்துவிட்டன. தம்பி விழித்துக்கொண்டு, "அம்மா" என்றான். பதில் இல்லை. இன்னொருமுறை கூப்பிட்டான். நான் மேலிருந்து குனிந்து திரையை விலக்கினேன். மெத்தையில் அவன் மட்டும் உட்கார்ந்திருந்தான்.

இங்கே கொஞ்சம் நிறுத்தித்தான் சொல்ல வேண்டும். நான் உடனே தகரத்தைத் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. எதிரே பலகையில் ஐந்தாம் நம்பர் டோக்கன் வண்டியின் ஆட்டத்துக்கு இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது. கொலகாரன் என்று அப்பா சொன்ன குரல் அப்படியே காதில் கேட்டது. இறங்கினேன், அந்த டோக்கனை ஆணியிலிருந்து கழற்றினேன், கைக்குள் மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் தகரத்தைத் தட்டினேன். "அம்மா இல்ல! அம்மா இல்ல!"

வண்டியைத் திருப்பிக்கொண்டு போனோம். ஜன்னல் வழியாக அப்பாவின் பின்னந்தலை மட்டும் தெரிந்தது. அது இரண்டு முறை திரும்பிப் பலகையைப் பார்த்தது. நான்கு டோக்கன்.

புதர் ஓரத்துக்கு வந்து வண்டி நின்றபோது, அம்மா ஒரு மண்மேட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து ஓடிவரவில்லை. உட்கார்ந்தபடியே உள்ளங்கையைக் காட்டினாள், வராதே, நில் என்று. என்ன ஏது என்று விளங்குவதற்குள் பெரியப்பா பதற்றத்தில் ஹாரனை அடித்துவிட்டார். அவளுக்கு அந்தப் பக்கம் சேற்றுவெளியில் ஏதோ கலைந்தது. நான் பார்த்தது தூசி, அதற்குள் சில வெள்ளை வயிறுகள், முறுக்கிய கொம்பு ஒன்று. அவ்வளவுதான். தம்பி அதுகூடப் பார்க்கவில்லை.

அப்பா அவளிடம் ஓடினார். "அஞ்சு இருந்திச்சி. நான் பாத்தேன். அஞ்சு இருந்திச்சி" என்றார். பயப்படாதே என்றோ, மன்னித்துக்கொள் என்றோ சொல்லவில்லை. அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதேன். அழுகை நிஜம்தான். அழுதபடியே டோக்கனை அவள் கையில் திணித்தேன். அதுவும் நிஜம். அம்மா ஒரு சூதும் இல்லாமல் அதை அப்பாவிடம் காட்டினாள். "பாப்பா கிட்டதான் வெச்சிருன்னு குடுத்தேன். அவகிட்டயே இருந்திருக்குதுங்க. நீங்கதான் சரியா பாக்கல போல. வுடுங்க, இப்ப இன்னா ஆயிடிச்சி?"

அப்பா என்னைப் பார்த்தார். "நீ மாட்டல?"

"இல்லப்பா."

அவர் கோபப்பட்டிருந்தால் நான் அழுது சொல்லியிருப்பேனோ என்னவோ. கோபப்படவில்லை. வண்டிக்குள் ஏறி, பலகைக்கு நேரே நின்று, நான்கு டோக்கனையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நூற்றுக்கணக்கான டோக்கனை ஒரு பார்வையில் அளந்தவர் நான்கை விரலால் எண்ணியதைப் பார்த்தேன்.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் வேலைக்குப் போய், டோக்கன் ரூம் எனக்கு வேண்டாம், வேறு வேலை கொடுங்கள் என்று கேட்டு எழுதிக் கொடுத்தார். மேலதிகாரி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம். "நாலு டோக்கன அஞ்சுன்னு பாத்த கண்ணு சார் இது. கீழ ஆளுங்க இருக்காங்க" என்றாராம் அப்பா. மரக்கிடங்கில் போட்டார்கள். சுரங்கத்துக்குள் முட்டுக்கொடுக்கும் மரங்களை ஏற்றி இறக்கும் இடம். நாற்காலி வேலையை விட்டுவிட்டு மரம் தூக்கப் போன பைத்தியம் என்று லைனே பேசியது. உங்கள் வீடுகளிலும் பேசியிருப்பார்கள். மாலையில் அவர் சட்டையைக் கழற்றும்போது இரண்டு தோளிலும் தோல் தடித்துக் கறுத்திருக்கும். அம்மா தேங்காய் எண்ணெயைச் சுடவைத்துத் தடவுவாள். நான் பாடப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். பத்தாவது முடியட்டும் என்று தள்ளினேன், அப்புறம் காலேஜ் என்று தள்ளினேன். எட்டு வருஷம் அப்படியே போனது.

அம்மாவுக்கோ அந்தப் பகல் வாழ்நாளுக்கும் போதுமான சொத்தாகிவிட்டது. தண்ணீர்க் குழாயடியில், ரேஷன் வரிசையில், யார் கிடைத்தாலும் ஆரம்பித்துவிடுவாள். "வண்டி போயிடிச்சி. ஒரே அமைதி. எனுக்கே பயம் இல்லன்னா பாத்துக்கோ. மொதல்ல ஒண்ணு வந்து எட்டிப் பாத்திச்சி..." அவள் மான் கதையை ஆரம்பித்ததும் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். ஒருநாளும் முழுதாகக் கேட்டதில்லை. அவளுக்கு வாழ்க்கையிலேயே நல்ல பொழுது அது, அவருக்கு வாழ்க்கையிலேயே கெட்ட பொழுதும் அதுதான். இரண்டும் என் கையால் நடந்தன. மான் கதை காதில் விழும் போதெல்லாம் நான் அப்பாவின் செருப்புச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரத்து ஒன்றில் சுரங்கத்தை மூடினார்கள். அந்த மாதங்களை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேலை போன ஆண்கள் எல்லாரும் பகலில் வீட்டில் என்ன செய்வது என்று தெரியாமல் ஆணி அடித்துக்கொண்டிருந்த காலம். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை முகாம் போட்டார்கள். அப்பாவுக்குப் பேப்பர் படிக்கக் கஷ்டமாக இருந்ததால் நான் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் சின்ன வயதுக்காரர், கன்னடத்துக்காரர், நல்ல தமிழ் பேசினார். தூரத்தில் இருந்த எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். அப்பா கடைசி வரி வரைக்கும் தடங்கல் இல்லாமல் படித்தார். அதற்கும் கீழே அச்சகத்தின் பெயர் பொடி எழுத்தில் இருந்தது. அதையும் படித்தார்.

"பக்கத்துல படிக்க மட்டும் கண்ணாடி போதுங்க. தூரப் பார்வை ரொம்ப நல்லா இருக்கு. இந்த வயசுல இப்படி இருக்கறது அபூர்வம்" என்றார் டாக்டர்.

"இல்லீங்க சார்" என்றார் அப்பா. "என் கண்ணு எட்டு வருசத்துக்கு முன்னாலயே போயிடிச்சி. நல்லா பாருங்க."

"போயிருந்தா இப்ப இப்படித் தெரியாதுங்க. ஒங்க கண்ணு எப்பவுமே நல்லாதான் இருந்திருக்கும்."

அப்பா டாக்டரைப் பரிதாபமாகப் பார்த்தார், தொழில் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல. வெளியே வந்து, பள்ளிக்கூடத்துப் படியில் உட்கார்ந்து செருப்பை மாட்டினார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. காலேஜ் முடித்த பெண் என்ற கூச்சம்கூட இல்லாமல் அந்தப் படியிலேயே அழுதேன்.

"அஞ்சுதாம்பா இருந்திச்சி. நான்தான் மாட்டினேன். அப்புறம் நான்தான் எடுத்துட்டேன்."

அவர் ஒரு செருப்போடு அப்படியே உட்கார்ந்திருந்தார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் நினைத்தேன். நான் அவரிடம் இதைச் சொன்ன நேரத்தில் அந்த டோக்கன் ரூம் பூட்டிக் கிடந்தது, பலகையை யார் கழற்றிக்கொண்டு போனார்கள் என்றுகூடத் தெரியாது. அவர் திரும்பப் போய் நிற்பதற்கு இடமே இல்லை. இது எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன், அதற்கு முன்னால் சொல்லத் தைரியம் வரவில்லை.

"அஞ்சு இருந்திச்சா?" என்றார்.

"ஆமாம்பா."

"அப்ப நான் சரியாத்தான் பாத்தேன்."

பஸ் ஸ்டாண்டைத் தாண்டி வீடு வரைக்கும் நடந்தே வந்தோம். அவர் முன்னால் நடந்தார். மரக்கிடங்குக்குப் போனதிலிருந்து லேசாகக் குனிந்து நடப்பவர், அன்றைக்கும் அப்படித்தான் நடந்தார். தோள் நிமிர்ந்தது என்றெல்லாம் சொல்ல எனக்கு ஆசைதான். நிமிரவில்லை.

வீட்டில் அம்மா மொச்சைக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். அப்பா வாசலிலேயே நின்று, "அஞ்சு இருந்திச்சாம்" என்றார். அவளுக்குப் புரியவில்லை. நான் சொன்னேன், முழுதும் சொன்னேன். "அடிப்பாவி!" என்று கையில் இருந்த மொச்சையை என்மேல் வீசினாள். அப்புறம் அப்பாவின் தோளைப் பார்த்தாள். எட்டு வருஷம் எண்ணெய் தடவிய தோள். முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். "நான் வேற சரியா பாக்கலன்னு சொன்னேனே" என்று உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. அன்று முழுக்க என்னோடு அவள் பேசவில்லை. அது எனக்கு வேண்டியதுதான்.

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சிதறின மொச்சையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முறத்தில் போட்டார். போட்டுவிட்டு, அவளைப் பார்க்காமலே கேட்டார்.

"அன்னிக்கி எத்தினி மானு வந்திச்சி?"

அம்மா முந்தானையை எடுத்தாள். அவர் இதைக் கேட்பார் என்று அவள் எதிர்பார்த்திருக்க மாட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்துப் பார்த்தாள்.

"எண்ணலீங்க" என்றாள். "பாத்துக்கினு இருந்தேன்."

அப்பா மணையை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"சரி, மொதல்லருந்து சொல்லு" என்றார்.